மூன்று மாத ஊசி தள்ளிப்போகிறது: வெளியில் வாங்கிப் போடலாமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அப்பாவுக்கு 72 வயது. பால்மரம் வெட்டி ஓய்வு பெற்றவர். புரோஸ்டேட் புற்றுநோய் எலும்புக்கும் போயிருக்கிறது என்று சொல்லி, ஒன்றரை வருடமாக அரசாங்க ஆஸ்பத்திரியில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தொப்புளுக்குக் கீழே கோசெரெலின் ஊசி போடுகிறார்கள். போன வாரம் போனபோது, "மருந்து வரவில்லை, இரண்டு வாரம் கழித்து வாருங்கள்" என்று அட்டையில் தேதியை மாற்றி அனுப்பிவிட்டார்கள். டவுனில் ஒருவர் அதே ஊசியை 800 வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) வாங்கித் தருகிறேன், தெரிந்த கிளினிக்கில் போட்டுக்கொள்ளலாம் என்கிறாராம். கையில் பணம் இல்லையென்றால் மகளின் கே.டபிள்யூ.எஸ்.பி. (ஊழியர் சேமநிதி) பணத்தை எடுக்கவும் அவரே வழி பண்ணுவாராம். வாசகி கேட்பது இதுதான்: "இரண்டு வாரம் தள்ளிப்போனால் அப்பாவுக்கு ஆபத்தா? அந்த ஆளிடம் வாங்கலாமா? ஊசி ஆரம்பித்ததிலிருந்து அப்பாவுக்கு உடம்பு திடீரென்று கொதித்து வேர்த்துக் கொட்டுகிறது. பேசாமல் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தால் என்ன?"

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வாரத்தில் உயிர் போய்விடாது, பதற வேண்டாம். ஆனால் சும்மா காத்திருக்கவும் வேண்டாம். நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்க வேண்டிய கேள்விகள் சில இருக்கின்றன. அந்த ஆளிடம் வாங்காதீர்கள். வேர்க்கிறது என்பதற்காக ஊசியை நிறுத்தாதீர்கள்.

இந்த மருந்து என்ன செய்கிறது என்பதை அப்பாவுக்கு ஒருமுறை யாராவது உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். கூட்டத்தில் சொல்லியிருக்க மாட்டார்கள். புரோஸ்டேட் புற்றுநோய் பெரும்பாலும் டெஸ்டோஸ்டெரோன் என்ற ஆண் ஹார்மோனைத் தின்று வளருகிறது. அதைச் சுரக்கச் சொல்லும் உத்தரவு மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து வருகிறது. தோட்டத்தில் விடியற்காலை பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) மணி அடிப்பார்கள் இல்லையா? ஒருமுறை அடித்தால் ஆள் வரும். நாள் முழுக்க விடாமல் அடித்துக்கொண்டே இருந்தால் முதலில் எல்லாரும் பதறி ஓடி வருவார்கள், அப்புறம் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். கோசெரெலின் செய்வது அதைத்தான். முதல் ஊசி போட்டதும் ஹார்மோன் கொஞ்சம் ஏறும். பிறகு சுமார் மூன்று வாரத்தில், விதைகளை ஆபரேஷன் செய்து எடுத்தவர்களுக்கு இருக்கும் அளவுக்கு இறங்கிவிடும். மணி நின்றுபோனால் சுரப்பி மெல்ல மெல்லப் பழைய வேலைக்குத் திரும்பும். தேதி முக்கியம் என்று நச்சரிப்பது அதனால்தான்.

உங்கள் அப்பா ஒன்றரை வருடமாகப் போட்டு வருகிறார், வயதும் ஆகிவிட்டது. அப்படிப்பட்டவர்களுக்கு ஹார்மோன் பொதுவாக மெதுவாகத்தான் ஏறும். ஒரு சில நாள் பிந்தினால் பரவாயில்லை என்று மருந்துக் கம்பெனியின் குறிப்பே சொல்கிறது. அதே குறிப்பு, முடிந்தவரை தேதியைக் காப்பாற்றுங்கள் என்றும் சொல்கிறது. எலும்புக்குப் பரவிய நோயில் 'மெதுவாகத்தான் ஏறும்' என்பதை நம்பிப் பந்தயம் கட்டக்கூடாது.

இங்கே ஒரு கணக்கைப் பாருங்கள். பெரிய ஊசி, அதாவது 10.8 மில்லிகிராம், 12 வாரத்துக்கு ஒருமுறை போட வேண்டியது. 12 வாரம் என்றால் 84 நாள். நம் கவுண்டர்களில் என்ன செய்கிறார்கள்? 'மூன்று மாதம்' என்று காலண்டரைப் புரட்டுகிறார்கள். அது 90, 91, சில சமயம் 92 நாள். ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய ஒரு வாரம் வழியிலேயே ஒழுகிவிடுகிறது. அதன் மேல் ஹரி ராயா, தீபாவளி, சீனப் புத்தாண்டு விடுமுறை வந்தால் தேதி இன்னும் பின்னால்தான் போகும், முன்னால் வராது. ஆகவே உங்கள் அட்டையில் 'இரண்டு வாரத் தாமதம்' என்று இருப்பது, மருந்தின் கணக்கில் மூன்று வாரமாக இருக்கலாம். போன ஊசி எந்தத் தேதியில் போட்டார்கள் என்று பார்த்து, விரலை மடக்கி 84 நாள் எண்ணுங்கள். அந்தத் தேதியை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். அரசாங்க மருந்தகத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: "அப்பாவுக்கு ஊசி எப்போது?" என்று கேட்பவர்களுக்குக் கிடைக்கும் பதில் வேறு, "84 நாள் இந்த வியாழக்கிழமை முடிகிறது" என்று சொல்பவர்களுக்குக் கிடைக்கும் பதில் வேறு. அப்படி இருக்கக்கூடாதுதான். ஆனால் இருக்கிறது.

போனில் யாரிடம், என்ன கேட்பது? ஆபரேட்டரிடம் நியாயம் பேசிப் பயனில்லை. மருந்தகத்துக்கு இணைப்புக் கேட்டு, பொறுப்பில் இருக்கும் மருந்தாளரிடம் பேசுங்கள். 28 நாளுக்கு ஒருமுறை போடும் 3.6 மில்லிகிராம் சின்ன ஊசி கையிருப்பில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பெரியது வரும்வரை அதைப் போட்டு இடைவெளியை அடைக்கலாம் என்று டாக்டர் முடிவெடுக்க முடியும். அதுவும் இல்லையென்றால், இதே வேலையைச் செய்யும் லியூப்ரோரெலின், டிரிப்டோரெலின் இருக்கிறதா என்று கேளுங்கள். மருந்தின் பெயர் மாறியதும் "அப்பாவுக்கு வேறு என்னவோ போட்டுவிட்டார்கள்" என்று பயப்பட வேண்டாம், எல்லாம் ஒரே குடும்பம். பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரி எதிலாவது இருப்பு இருந்தால் ஒரு ருஜுக்கான் (பரிந்துரை) கடிதம் கொடுத்து அங்கே போட்டுக்கொள்ள முடியுமா என்பதையும் கேட்டுவிடுங்கள். இதையெல்லாம் அவர்களாகவே சொல்ல மாட்டார்களா என்று கேட்பீர்கள். சொல்ல வேண்டும். சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். வரிசையில் நூறு பேர் நிற்கும்போது, தேதியை மாற்றி எழுதுவதுதான் கைக்குச் சுலபமான வேலை.

அப்படியே அடுத்த முறை இரத்தம் எடுக்கும்போது பி.எஸ்.ஏ.யோடு (புரோஸ்டேட் சுரப்பி இரத்தத்தில் விடும் ஒரு புரதம்) டெஸ்டோஸ்டெரோன் அளவையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். பி.எஸ்.ஏ. மட்டும் பார்த்தால் நோய் எப்படி இருக்கிறது என்று தெரியும், ஊசி தன் வேலையைச் செய்கிறதா என்பது தெரியாது.

மாதக்கணக்கில் விட்டுவிட்டு மறுபடி ஆரம்பிப்பவர்கள் மட்டும் ஒன்றை டாக்டரிடம் கேட்க வேண்டும். மணி மறுபடி அடிக்கத் தொடங்கும்போது முதல் முறை போலவே ஹார்மோன் ஏறலாம். அதை மறிக்க முதலில் சில வாரம் பைகலூட்டமைடு போன்ற மாத்திரை கொடுப்பார்கள். உங்கள் அப்பாவின் கதை அவ்வளவு தூரம் போகவில்லை.

சரி, இப்போது அந்த 800 வெள்ளி ஆளுக்கு வருகிறேன். இவர் ஒருவர் அல்ல. ஒவ்வொரு சின்ன டவுனிலும் இப்படி ஒருவர் இருப்பார். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் முன்னால் நிற்பார், நல்ல மனிதர் என்று பெயரும் இருக்கும். 'ஆஸ்பத்திரியில் எனக்கு ஆள் இருக்கிறது' என்பதுதான் இவர்களுடைய முதல் வாசகம். உண்மையிலேயே ஆள் இருந்தால் அது அதைவிட மோசம்: அந்த மருந்து யாரோ ஒரு நோயாளிக்குப் போக வேண்டியது.

கோசெரெலின் டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து. 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின்படி டாக்டரோ மருந்தாளரோதான் கொடுக்கலாம். நடுவில் நிற்கும் அண்ணனுக்கு அதில் இடமே இல்லை. சட்டத்தைக்கூட விடுங்கள். இந்த மருந்தை 25 டிகிரிக்கு மேல் வைக்கக்கூடாது. சுங்கை சிப்புட் வெயிலில் ஒரு மத்தியானம் காடியின் பின்பெட்டியில் கிடந்தால் என்ன ஆகும்? ஊசிக்குள் இருப்பது தண்ணீர் மருந்து இல்லை. பென்சில் ஈயத் துண்டைப் போல, ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் வெள்ளையாக ஒரு குச்சி. உடம்பிலேயே கரைந்துபோகும் ஒருவகை பிளாஸ்டிக்கோடு மருந்தைக் கலந்து செய்திருக்கிறார்கள். அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைவதால்தான் மூன்று மாதம் தாங்குகிறது. வெயிலில் கெட்டுப்போனதா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்லவே முடியாது. போட்ட பிறகும் தெரியாது. சில மாதம் கழித்து பி.எஸ்.ஏ. ஏறும்போது 'நோய் முற்றிவிட்டது' என்று நினைத்துக்கொள்வீர்கள். அந்த ஆளும் வந்து துக்கம் விசாரித்துவிட்டுப் போவார்.

பெட்டியைக் காட்டுகிறாரா? எம்.ஏ.எல். என்று தொடங்கி எட்டு இலக்கத்தில் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். அந்த இலக்கங்களுக்குப் பின்னால் வரும் முதல் எழுத்து முக்கியம். 'ஏ' என்றால் சீட்டு மருந்து, 'டி' என்றால் பாரம்பரிய மருந்து. எண்ணை, மருந்துகளைப் பதிவு செய்யும் அரசாங்க அமைப்பான என்.பி.ஆர்.ஏ.யின் இணையத்தளத்தில் போட்டால் அது எந்த மருந்தின் எண் என்று காட்டிவிடும். பளபளப்பான ஹோலோகிராம் ஒட்டு இருக்கிறது என்று மயங்க வேண்டாம், ஒட்டை அச்சடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். பதிவு எண்ணே இல்லாமல் வேற்று நாட்டு எழுத்தோடு வரும் பெட்டிகள் 'இந்தியாவில் இருந்து வந்தது, அங்கே விலை குறைவு' என்ற கதையோடுதான் வரும். அங்கே விலை குறைவு என்பது உண்மையாகவே இருக்கலாம். அதற்காக அது நல்லபடி வந்து சேர்ந்தது என்று ஆகிவிடாது.

அடுத்தது அந்த 'தெரிந்த கிளினிக்'. காய்ச்சலுக்கும் இருமலுக்கும் பார்க்கும் நல்ல டாக்டராகத்தான் இருப்பார். ஆனால் இந்த ஊசியை அவர் எத்தனை பேருக்குப் போட்டிருப்பார்? 10.8 மில்லிகிராம் ஊசியின் முனை சுமார் இரண்டு மில்லிமீட்டர் கனம். தடுப்பூசி போடும் ஊசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. சாதாரண ஊசி போட்டே பழகிய கை, காற்றுக் குமிழியை வெளியேற்றுவதாக நினைத்துப் பிஸ்டனை லேசாகத் தள்ளும். குச்சி நகர்ந்துவிடும், அல்லது கீழே விழுந்துவிடும். இதில் காற்றை வெளியேற்றவே கூடாது. போடுவதற்கு முன்னால் ஊசியில் இருக்கும் சின்ன ஜன்னல் வழியாகக் குச்சி தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். நீங்களும் எட்டிப் பார்க்கலாம், தப்பில்லை.

இதில் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் உங்கள் கடிதத்தில் அது இல்லை. அப்பா இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுகிறாரா? வார்ஃபரின் என்றால் ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் புத்தகம் கொடுத்து, இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். பார்க்க வரச் சொல்லியிருப்பார்கள். ரிவரொக்ஸபான், அபிக்ஸபான், டாபிகட்ரான் என்று புத்தகம் இல்லாத புது மாத்திரைகளும் உண்டு. இதயத்தில் வால்வு மாற்றியவர்கள், இதயத் துடிப்பு ஒழுங்கில்லாதவர்கள், காலில் இரத்தக் கட்டி வந்தவர்கள் இவற்றைச் சாப்பிடுவார்கள். அப்படிப்பட்டவருக்கு இவ்வளவு தடித்த ஊசியை வயிற்றில் குத்தும்போது உள்ளே ஓர் இரத்தக்குழாய் அடிபட்டால் கசிவு நிற்காது. வெளியே ஒரு சொட்டுகூடத் தெரியாமல் வயிற்றுக்குள்ளேயே தேங்கும். மிகவும் ஒல்லியானவர்களுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. நோயால் எடை குறைந்துபோன பால்வெட்டுக்காரர்களின் வயிற்றில் சதை எங்கே இருக்கிறது? ஆகவே ஒவ்வொரு முறையும், போன முறை சொல்லியிருந்தாலும், போடுகிறவரிடம் 'இவர் இந்த மாத்திரை சாப்பிடுகிறார்' என்று சொல்லுங்கள். ஐ.என்.ஆர். அளவு அண்மையில் பார்த்ததாக இருக்கட்டும். போட்ட பிறகு இடத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே உட்காருங்கள். பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டாம். வயிறு வலித்து உப்பினாலோ, தலை சுற்றினாலோ, மூச்சு வாங்கினாலோ நேராக அவசரப் பிரிவு. ஊசிக்காக வார்ஃபரினை நீங்களாகவே இரண்டு நாள் நிறுத்தி வைக்கும் கெட்டிக்காரத்தனம் மட்டும் வேண்டாம், பக்கவாதத்தில் கொண்டுபோய் விடும். தெரிந்த கிளினிக்கில், தெரியாத கையால், எங்கிருந்தோ வந்த பெட்டியைத் திறக்கும்போது இந்தக் கேள்விகளை யார் கேட்கப் போகிறார்கள்?

கையில் காசு இருக்கிறது, காத்திருக்க மனமில்லை என்றால் நேரான வழி ஒன்று உண்டு. ஆஸ்பத்திரி டாக்டரிடமே மருந்துச் சீட்டு எழுதி வாங்குங்கள். உரிமம் பெற்ற பார்மசியில் ரசீதோடு வாங்குங்கள். குளிர்ச்சியாகக் கொண்டுபோய் அதே ஆஸ்பத்திரியில் போட்டுக்கொள்ள முடியுமா என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பணம்தான் பிரச்சினை என்றால் ஆஸ்பத்திரியிலேயே மருத்துவ சமூகப்பணிப் பிரிவு இருக்கிறது. சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு விண்ணப்பிக்க முடியுமா என்று அங்கே விசாரிக்கலாம். பாரம் நிரப்பச் சொல்லி அலைய வைப்பார்கள்தான். அலைந்தாலும் அது உங்கள் பணத்தை விழுங்காது.

கே.டபிள்யூ.எஸ்.பி. விஷயத்தில் கோபமே வருகிறது. தாய் தகப்பன் வைத்தியத்துக்காகப் பிள்ளை தன் சேமிப்பிலிருந்து எடுக்க விதியே இருக்கிறது. விண்ணப்பிக்க ஏஜென்ட் வேண்டியதில்லை. டாக்டரின் கடிதத்தையும் செலவுக் கணக்கையும் கொண்டு கே.டபிள்யூ.எஸ்.பி. அலுவலகத்துக்கு நீங்களே போகலாம். 'நான் எடுத்துத் தருகிறேன்' என்பவர் உங்கள் அடையாள அட்டை நகல், கைரேகை, வங்கிக் கணக்கு எண் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். பணம் வந்ததும் பங்கு கேட்பார். சில சமயம் பெரும்பங்கு அவருடையதாகவும் மிச்சம் உங்களுடையதாகவும் ஆகிவிடும். அட்டை நகலை ஏற்கெனவே கொடுத்திருந்தால், கே.டபிள்யூ.எஸ்.பி. கணக்கில் உங்களுக்குத் தெரியாத விண்ணப்பம் எதுவும் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

வேர்வை விஷயம். ஹார்மோன் இறங்கினால் வரும் சூடு அது. மாதவிலக்கு நிற்கும் காலத்தில் பெண்களுக்கு வருவதும் இதே காரணத்தால்தான். ஆபத்தில்லை, ஆனால் தூக்கத்தைக் கெடுக்கும். மெல்லிய பருத்திச் சட்டை, படுக்கைப் பக்கம் காற்றாடி, இரவில் காரத்தையும் சூடான தே தாரிக் டீயையும் தள்ளி வைப்பது, இவற்றிலேயே பலருக்குச் சமாளிக்க முடிகிறது. தாங்கவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், அதற்கென்றே மாத்திரைகள் உண்டு. 'ஆம்பளைத்தனம் போச்சு' என்று அவர் மனதுக்குள் புழுங்கிக்கொண்டிருக்கலாம். மகளிடம் வாய் திறக்க மாட்டார். உங்கள் அம்மாவோ அண்ணன் தம்பியோ டாக்டர் அறைக்கு ஒருமுறை கூடப் போகட்டும். இந்த ஊசி எலும்பைப் பலவீனமாக்கும், சர்க்கரையையும் ஏற்றும். இந்த நாட்டில் நம்மவர்களிடம்தான் சர்க்கரை நோய் அதிகம். நடக்கச் சொல்லுங்கள், சர்க்கரையைப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

கூட்டாளிகள் 'சோர்வு போகும்' என்று தோங்காட் அலி என்ற மூலிகை கலந்த காப்பி வாங்கிக் கொடுப்பார்கள். ஆண் ஹார்மோனைக் கூட்டும் என்ற பெயரில்தான் அதை விற்கிறார்கள். நீங்கள் காசு செலவழித்து இறக்குவதை அவர் காப்பியில் ஏற்றிக்கொள்ள வேண்டுமா? அதைவிட, அந்த மாதிரிக் காப்பியில் ஆண்மைக் குறைவுக்குக் கொடுக்கும் சில்டெனஃபில் மருந்து கலந்திருப்பதை நம் அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்திருக்கிறார்கள். நெஞ்சுவலிக்கு நாக்கடியில் மாத்திரை வைப்பவருக்கு அது உயிருக்கே உலை. புற்றுநோயைக் குணமாக்கும் என்று யாரும் மருந்து விளம்பரம் செய்யக்கூடாது என்று 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டமே சொல்கிறது. அப்படி ஒரு தாளை நீட்டினாலே அந்த ஆள் சட்டத்தை மீறிவிட்டார். 'மூலிகை சாப்பிட்டு பி.எஸ்.ஏ. இறங்கியதே' என்பார்கள். அமெரிக்காவில் பி.சி. ஸ்பெஸ் என்று ஒரு மூலிகை மாத்திரை புரோஸ்டேட்டுக்கு அமோகமாக விற்றது, பி.எஸ்.ஏ.யும் இறங்கியது. சோதித்துப் பார்த்தால் உள்ளே பெண் ஹோர்மோன் மருந்தும் வார்ஃபரினும் இருந்தன. 2002இல் அதைச் சந்தையிலிருந்து எடுத்தார்கள்.

ஊசியே வேண்டாம், அலைச்சலே வேண்டாம் என்று அப்பா நினைத்தால், விதைகளை எடுக்கும் சின்ன ஆபரேஷன் பற்றி டாக்டரிடம் கேட்கலாம். ஒருமுறை செய்தால் போதும், இருப்பு இல்லை என்ற பேச்சே வராது. பெரும்பாலானவர்கள் மனம் ஒப்ப மாட்டார்கள். முடிவு அவருடையது.

கடைசியாக, இந்த இரண்டு வாரத்தில் கவனிக்க வேண்டியது. புதிதாக முதுகு வலி வந்தாலோ, கால் தளர்ந்தாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர் அடைத்தாலோ, ஊசித் தேதி வரும்வரை காத்திருக்காதீர்கள். நோய் முதுகெலும்பில் நரம்பை அழுத்தினால் சில மணி நேரத்திலேயே கால் செயலிழந்து போகலாம். 999க்குக் கூப்பிடுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் அவசரப் பிரிவுக்குப் போங்கள். நுழைவாயிலில் 'முதுகு வலி' என்று மட்டும் சொன்னால் அவசரமில்லாதவர்களுக்கான பச்சைப் பகுதியில் உட்கார வைத்துவிடுவார்கள். 'புற்றுநோய் எலும்பில் இருக்கிறது, கால் பலம் குறைகிறது' என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அப்படியும் உட்காரச் சொன்னால் உட்காராதீர்கள், டாக்டர் வந்து பார்க்கும்வரை நின்றுகொண்டே மறுபடி மறுபடி சொல்லுங்கள்.